கால் அங்குலம்

மார்ச் 3

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா எழுதுவது. முதலில் நல்ல சேதிகள்.

என் மகள் வயிற்றுப் பேத்தி, நம் நெட்டச்சி, நில அளவைத் துறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். இருநூறு பேர் எழுதிய பரீட்சையில் மூன்றாவது. முதல் இரண்டு பேருக்கும் அவளைவிட நாலு வயசு கூடுதல், அதனால் அவள்தான் முதல் என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அவள் தம்பி, வாயைத் திறந்தால் முத்து கொட்டிவிடும் என்று மூடியே வைத்திருப்பானே அந்த ஊமைக்கோட்டான், பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கிவிட்டான். நடுவர் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். மகன் வீட்டுப் பொடிசு தன் ஷூ லேசைத் தானே கட்டுகிறது. இரண்டு ஷூவையும் சேர்த்து ஒரே முடிச்சாகப் போட்டு, எழுந்து, விழுந்தது. ஆனால் முடிச்சு அவிழவில்லை. அதைத்தான் பார்க்க வேண்டும்.

நாலு வருஷமாக நான் போட்ட எந்த வாழ்த்து அட்டைக்கும் நீ பதில் போடவில்லை. போனில் பேசலாம் என்றால், ஆபரேஷனில் குரல் போனதிலிருந்து நீ போனைத் தொட்டதே கிடையாது. நெட்டச்சி பட்டம் வாங்கிய அன்று எடுத்த குடும்பப் படத்தில் உன்னை மட்டும் கத்தரித்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்பினாயே, அதை அப்படியே ஹாலில் மாட்டியிருக்கிறேன். என்ன ஓட்டை என்று யாராவது கேட்டால் பூச்சி அரித்துவிட்டது என்பேன். "பூச்சி ஸ்கேல் வெச்சா அரிக்கும்?" என்று பால்காரர் கேட்கிறார்.

இன்னொன்று. பெரிதாக ஒன்றுமில்லை. என் கழுத்தில் வலது பக்கம் ஒரு கட்டி. தைராய்டாம். உனக்கு வந்த அதே இடம். ஊசியால் உறிஞ்சிப் பார்த்தார்கள். நல்லதா கெட்டதா என்று ஊசிக்குத் தெரியவில்லையாம், அந்தப் பாதியை எடுத்துப் பார்த்தால்தான் தெரியுமாம். கவலைப்படாதே. நீ கவலைப்படுவாயா என்பதே எனக்குத் தெரியவில்லை.

அக்கா


மார்ச் 12

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நெட்டச்சிக்கு என் வாழ்த்துகள். மூன்றாவது என்பது மூன்றாவதுதான், அதுவே பெரிய விஷயம். அவளைப் பாழாக்காதீர்கள்.

கட்டியைப் பற்றிய சேதியை ஷூ லேசுக்கும் பால்காரருக்கும் கீழே, கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். எத்தனை சென்டிமீட்டர்? எப்போது பார்த்தீர்கள்? விழுங்கும்போது அடைக்கிறதா? குரல் மாறியிருக்கிறதா? டாக்டர் யார்? இதற்கெல்லாம் பதில் வேண்டும்.

தழும்பைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. உங்கள் போட்டோக்காரர் இருக்கிறார். என் கழுத்தில் இருபத்திரண்டு வருஷமாக இருந்த தழும்பை அரை மணி நேரத்தில் துடைத்தவர் அவர். 'சின்னப் பாட்டி, நீங்க வந்தாதான் படம்' என்று நெட்டச்சி கூப்பிட்டாள் என்றுதான் வந்து நின்றேன். படம் வந்தபோது என் இடத்தில் வழுவழுவென்ற கழுத்தோடு வேறு யாரோ நின்றிருந்தாள். அவளைத்தான் வெட்டி எடுத்தேன். என் அலமாரியில் இருக்கிறாள். எந்த வீட்டுப் பெண் என்று தெரிந்தால் ஒப்படைத்துவிடலாம்.

இப்படிக்கு,
தங்கை


மார்ச் 17

குட்டி,

"நீங்கள்" என்று எழுதி என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டாய். பரவாயில்லை, கேள்வி கேட்டிருக்கிறாயே, அதுவரைக்கும் கதவு திறந்திருக்கிறது. பொடிசு இப்போது இரண்டு ஷூவுக்கும் தனித்தனி முடிச்சு போடுகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அளவு இரண்டே முக்கால் சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. விழுங்கினால் அடைக்கவில்லை. குரல் உனக்குத் தெரிந்த அதே தகர டப்பா. கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, நான்தான். சட்டைக் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் காலர் தைத்தவள், வீட்டுக்கு வந்த பிறகும் டேப்பைக் கீழே வைக்கவில்லை. மாதத்துக்கு ஒருமுறை என் கழுத்தை நானே அளந்து நோட்டில் எழுதுவேன். ஜனவரியில் கால் அங்குலம் ஏறியிருந்தது. மறுநாள் காலையிலேயே டாக்டர் வீட்டு வரிசையில் உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் பார்த்த டாக்டர் பெரியவர். கழுத்தின் குறுக்கே வெட்டி எடுத்துவிடலாம் என்றார். நான், "தழும்பு விழுமா சார்?" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "இந்த வயசுல தழும்பு இருந்தா என்னம்மா? யாரு பாக்கப் போறா?" என்றார்.

"நான் பாப்பேன் சார். தெனமும் கண்ணாடி முன்னாடி நிக்கறது நான்தானே."

கூட வந்த என் மகன் இருக்கிறானே, அவன் சொல்கிறான்: "ஒனக்கென்னம்மா, அதான் பீரோ நெறைய காலர் வெச்ச சட்டையா வெச்சிருக்கியே!" அன்று அவனுக்கு நான் சாப்பாடு போடவில்லை. மருமகள் போட்டாள்.

நெட்டச்சிதான் விசாரித்து வேறு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். சின்ன வயசுப் பெண் டாக்டர். பொடிசின் வகுப்பு டீச்சர் மாதிரி இருக்கிறாள், ஆனால் இதுவரை நூற்றுக்கும் மேலே செய்திருக்கிறாளாம். கழுத்தைத் தொடாமலே எடுக்க வழி இருக்கிறது என்றாள். காது மடலுக்குப் பின்னால் ஒரு வழி. அக்குளில் ஒரு வழி. வாய்க்குள் ஒரு வழி.

"அக்குள் வேண்டாம் டாக்டர். எனக்குக் கூச்சம். மயக்கத்துலயே சிரிச்சிடுவேன்" என்றேன்.

வாய் வழியை ஒரு தாளில் வரைந்து காட்டினாள். கீழ் உதட்டை மடக்கி, உள்பக்கம் மூன்று சின்னத் துளை. நடுவில் கேமரா, இரண்டு பக்கமும் பென்சில் கனத்தில் கருவி. தாடைக்குக் கீழே தோலுக்கும் சதைக்கும் நடுவில் சுரங்கம் மாதிரி போய், கட்டியிருக்கும் பாதியை அறுத்து, ஒரு குட்டிப் பையில் போட்டு, வந்த வழியிலேயே வெளியே எடுப்பார்களாம். உதட்டுக்குள் தையல், அதுவும் தானாகக் கரைந்துவிடும். வெளியில் ஒரு கீறல் கிடையாது.

நெட்டச்சி விழித்துக்கொண்டு நின்றாள். பட்டம் வாங்கியவள்! எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "டாக்டர், இது காலர் வேலை" என்றேன்.

"என்னது?"

"காலரை உள்பக்கம் வெளிய தெரியற மாதிரி வெச்சுத் தைப்போம். ஒரு ஓரத்துல மட்டும் நாலு விரல் போற அளவுக்குத் தைக்காம விட்ருவோம். மொத்தக் காலரையும் அந்த வாய் வழியாத் திருப்பி வெளிய எடுப்போம். அந்த வாய் சட்டைக்குள்ள மறைஞ்சிடும். எங்க ஆரம்பிச்சோம்னு ஒருத்தருக்கும் தெரியாது. நீங்க உதட்டுல விடறது அந்த வாய்தானே?"

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "பாட்டி, இதை எங்க காலேஜ் பசங்களுக்குப் புரிய வைக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆகுது" என்றாள். அஞ்சாவதோடு நின்றவள் நான் என்று நெட்டச்சி சொல்லிவிட்டாள். நான் சொல்லச் சொல்லவில்லை. தடுக்கவும் இல்லை.

ஆனால் அந்தப் பெண் பூசி மெழுகவில்லை. கட்டி சின்னதாக இருப்பதால்தான் இந்த வழி, பெரிதாகியிருந்தால் கழுத்தைத் திறப்பதுதான் சரி என்றாள். உள்ளே போய் ஏதாவது சிக்கலானால் கழுத்து வழிக்கு மாற வேண்டியிருக்கும், அதற்கும் கையெழுத்து வாங்குவோம் என்றாள். குரல் நரம்புக்கு உள்ள ஆபத்து எந்த வழியிலும் ஒன்றுதானாம்.

இப்போது நீ சொல். அறுபத்தைந்து வயதில் எனக்கு இது ஆசையா, திமிரா?

அக்கா


மார்ச் 25

அக்காவுக்கு,

"நீங்கள்" எழுதி எனக்கே கை வலிக்கிறது. விட்டுவிட்டேன்.

திமிர் இல்லை. எனக்கு அப்போது யாராவது உதட்டுக்குள் வழி இருக்கிறது என்று சொல்லியிருந்தால் காது வரைக்கும் வாயைத் திறந்திருப்பேன். முதல் இரண்டு வருஷம் பஸ்ஸில் எதிரே உட்காருகிறவர்கள் முதலில் என் கழுத்தைப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் முகத்தைப் பார்ப்பார்கள். ஒரு குழந்தை, "ஆன்ட்டி, தலை கழண்டு ஒட்டினீங்களா?" என்று கேட்டது. ஆமாம் என்றேன். பிறகு பழகிவிட்டது. பிறகு அது என்னுடையதாகிவிட்டது. தழும்பு வேண்டாம் என்று நீ கேட்பதில் எனக்கு ஒன்றும் இல்லை. தழும்போடு இருக்கிறவளை உன் சுவரில் மாட்ட முடியவில்லையே உன்னால், அதுதான்.

அந்த டாக்டரிடம் இதையெல்லாம் கேள். நரம்பு எங்கே இருக்கிறது என்று சத்தம் கொடுத்துக் காட்டும் கருவி வைத்துக்கொண்டு செய்வாளா? அவள் செய்த நூற்றுச் சொச்சம் பேரில் எத்தனை பேருக்குக் குரல் மாறியது? மாறியவர்களுக்குத் திரும்பி வந்ததா? கழுத்து வழிக்கு எத்தனை பேருக்கு மாற்றினாள்? முகம் பார்த்துக் கேள். நெளிந்தால் எழுந்து வந்துவிடு.

குரலைப் பற்றி நான் உன்னிடம் முழுதாகச் சொன்னதே இல்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பதினோரு வருஷம். கம்பிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் என் முகம் பார்த்ததில்லை, ஆனால் நான் விடுப்பு எடுத்தால் 'அந்தப் பொண்ணு எங்க?' என்று கேட்பார்கள். ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் கழித்துப் போய் உட்கார்ந்து, முதல் அழைப்புக்கு "எண் சொல்லுங்க" என்றேன். காற்றுதான் வந்தது. அந்தப் பக்கத்தில் ஒருவர், "சார், லைன் சரியில்ல, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார். நான் காதில் மாட்டியதைக் கழற்றி மேஜையில் வைத்தேன். அன்றோடு சரி. ஓய்வு பெறும்வரை இருபத்திமூன்று வருஷம் பழைய கோப்புகளோடு கீழ்த்தளத்தில்.

எனக்கு ஆபரேஷன் செய்த டாக்டர் அன்றைக்குக் கேட்டார், "ஏம்மா இவ்ளோ பெருசாகற வரைக்கும் விட்டீங்க? சின்னதுல வந்திருந்தா நரம்பு பக்கம் போகாமயே எடுத்திருப்பேனே" என்று. சட்டைக் காலர் ஒரு நாளாவது இறுக்கியிருந்தால் தெரிந்திருக்கும். நீ தைத்த காலர் ஒரு நாளும் இறுக்கவில்லை.

தங்கை


ஏப்ரல் 2

குட்டி,

இன்றைக்குப் பிள்ளைகளின் பெருமை எதுவும் இல்லை.

நீ சொன்ன கேள்விகளை நெட்டச்சி ஒரு தாளில் எழுதிக்கொடுத்தாள், நான் படித்துக் காட்டிக் கேட்டேன். கருவி உண்டு. நரம்பைத் தொடும்போது அது மணி மாதிரி சத்தம் கொடுக்குமாம். நாலு பேருக்குக் குரல் கரகரத்ததாம், மூன்று பேருக்குச் சில வாரத்தில் திரும்பியதாம். ஒருவருக்கு இன்னும் சரியாகவில்லை. இரண்டு பேருக்குக் கழுத்து வழி. கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள். அந்த ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. ஏப்ரல் 16 நாள் குறித்திருக்கிறாள்.

உன் கடைசி வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கட்டியால் இல்லை.

என் அளவு நோட்டுகளை நான் எறிந்ததே இல்லை. உன் பக்கத்தைத் தேடி எடுத்தேன். எக்ஸ்சேஞ்சில் வருஷத்துக்கு ஒரு தடவை சீருடைத் துணி கொடுப்பார்கள், நீ எடுத்துக்கொண்டு வருவாய், நான் அளப்பேன். நீ வேலைக்குச் சேர்ந்த வருஷம் உன் கழுத்து பன்னிரண்டரை அங்குலம். ஆறு வருஷம் அதே பன்னிரண்டரை. ஏழாவது வருஷம் பன்னிரண்டே முக்கால். எட்டாவது, பதின்மூன்று. ஒன்பதாவது, பதின்மூன்றே கால். பத்தாவது, பதின்மூன்றரை. பதினொன்றாவது, பதின்மூன்றே முக்கால். தோள் ஏறவில்லை. இடுப்பு ஏறவில்லை. உடம்பு வைத்திருந்தால் எல்லாம் அல்லவா ஏறும்? கழுத்து மட்டும் ஏறியது. என் கை அளந்தது, என் கை எழுதியது, இதோ என் முன்னால் இருக்கிறது.

எனக்குத் தெரியும் குட்டி. கட்டி என்று தெரியாது. ஆனால் இது சரியில்லை என்று டேப்புக்குத் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. உன்னிடம் சொல்லவில்லை. ஒவ்வொரு வருஷமும் கால் அங்குலம் விட்டு வெட்டினேன்.

ஏன் என்று இத்தனை வருஷம் என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். நீ சட்டையைப் போட்டுக் கண்ணாடி முன் நின்று, "கச்சிதம்க்கா! ஒன் கை யாருக்கு வரும்?" என்பாய். நீ படித்தவள், ஆபீஸ் போகிறவள். நான் அஞ்சாவதோடு மெஷினில் உட்கார்ந்தவள். அந்த ஒரு வார்த்தைக்காக வருஷம் முழுக்கக் காத்திருப்பேன். காலர் இறுக்குகிறது என்று நீ சொல்லிவிடக் கூடாது. என் வெட்டு தப்பு என்று ஆகிவிடக் கூடாது. இவ்வளவுதான் காரணம். எழுதிப் பார்த்தால் இவ்வளவு சின்னதாக இருக்கிறது.

போட்டோக்காரரிடம் துடைக்கச் சொன்னதும் அதனால்தான். உன் தழும்பு எனக்கு அசிங்கமாக ஒருநாளும் தெரியவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் என் கையெழுத்து மாதிரி தெரிந்தது. தினமும் ஹாலில் உட்கார்ந்து அதை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

இந்த ஜனவரியில் என் கழுத்து கால் அங்குலம் ஏறியபோது, கத்தரியை எடுத்துவிட்டேன் தெரியுமா? புதுக் காலருக்குத் துணியை விரித்து, குறியும் போட்டுவிட்டேன். அப்புறம் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு டாக்டரிடம் போனேன். என் கட்டி இரண்டே முக்காலில் பிடிபட்டதும், உதட்டு வழி கிடைத்ததும் உன் கழுத்து எனக்குச் சொல்லிக் கொடுத்ததால்தான். உனக்குக் கிடைக்க வேண்டியதை நான் வாங்கிக்கொண்டு போகிறேன்.

மன்னிப்பு கேட்க எனக்கு எழுத்து போதவில்லை.

அக்கா


ஏப்ரல் 9

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. படித்தேன். இப்போது எதுவும் எழுத முடியவில்லை.

தங்கை


ஏப்ரல் 14

குட்டி,

இதை நெட்டச்சி கூரியரில் போடுகிறாள், நாளைக்கே உனக்கு வந்துவிடும். நாளை மறுநாள் ஆபரேஷன். நாளைக்கே வந்து படுக்கச் சொல்லிவிட்டார்கள். நீ எழுத முடியவில்லை என்று எழுதியதே எனக்குப் பெரிது. உன்னை வா என்று கூப்பிட மாட்டேன். கூப்பிடும் இடத்தில் நான் இல்லை.

கையெழுத்துத் தாளில் இரண்டு வழிக்கும் போட்டுவிட்டேன். ஒருவேளை வெட்ட வேண்டி வந்தால் வெட்டட்டும், உன் மாதிரி நானும் பஸ்ஸில் உட்காருகிறேன். பயம் குரலுக்குத்தான். இந்தத் தகர டப்பாவை வைத்துக்கொண்டுதான் வீட்டை நடத்துகிறேன்.

ஆஸ்பத்திரிச் சீட்டை உறைக்குள் வைத்திருக்கிறேன், நம்பர் அதில் இருக்கிறது. நாலாம் வார்டு. சும்மா எழுதினேன்.

அக்கா


ஏப்ரல் 25

குட்டி,

கீழ் உதடு வீங்கித் தொங்குகிறது, தாடை யாருடையதோ மாதிரி மரத்துக் கிடக்கிறது, எழுத மட்டும் முடிகிறது. பத்து நாளாகப் பாலும் ஆறின சூப்பும்தான். சாப்பிட்டு முடித்ததும் கசப்பு மருந்தால் வாய் கொப்பளிக்க வேண்டும். நான் குடிக்கும்போது சூப் சட்டையில் வழிகிறது, எனக்குத் தெரியவில்லை, உணர்ச்சி இல்லை. பொடிசு தான் சாப்பிடும்போது கட்டிக்கொள்ளும் பிப்பைக் கொண்டுவந்து என் கழுத்தில் கட்டிவிட்டது. முடிச்சு பிரமாதம்.

வாய் வழியிலேயே முடிந்தது. கழுத்தைத் தடவித் தடவிப் பார்க்கிறேன். கீறல் இல்லை. மயக்கம் தெளிந்ததும் டாக்டர் பெண் குனிந்து, "பாட்டி, ஏதாவது பேசுங்க" என்றாள். "காலர் திருப்பியாச்சா?" என்றேன். தகர டப்பா அப்படியே வந்தது. அவள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அந்த ஒருவரை நினைத்துக்கொண்டாளோ என்னவோ.

நேற்று ரிப்போர்ட் வந்தது. நல்ல கட்டிதான். நெட்டச்சி மூன்று தடவை படித்துக் காட்டினாள்.

இப்போது ஒரு சங்கதி கேட்கிறேன், மறைக்காமல் பதில் சொல். ஆபரேஷன் அன்று சாயங்காலம் நர்ஸ் வந்து, "பாட்டி, காலையில இருந்து ஒரு அம்மா ஒங்களுக்காக எட்டு தடவ போன் பண்ணிட்டாங்க. மொத தடவ பேய்னு நெனச்சு வெச்சுட்டேன். காத்து மாதிரி ஒரு குரல். திரும்பவும் பண்ணாங்க. நான் வெக்க வெக்க அவங்க பண்ணாங்க" என்றாள்.

"என்ன சொன்னாங்க?"

"'வணக்கம், நாலாம் வார்டா? காலர் தைக்கற அம்மா வெளிய வந்தாச்சா? பேசினாங்களா?' இது மட்டுந்தான். பேசிட்டீங்கன்னு சொன்னதும் 'இணைப்பைத் துண்டிக்கிறேன், நன்றி'ன்னு சொல்லிட்டு வெச்சாங்க. யாரு பாட்டி இந்தக் காலத்துல இப்படிச் சொல்றாங்க?"

யார் குட்டி?

அக்கா


மே 1

அக்காவுக்கு,

எனக்கு எதுவும் தெரியாது. என் வீட்டில் போன் இல்லை. கீழே மருந்துக்கடையில் இருக்கிறது. அவர்களைக் கேட்டால் நான் அன்றைக்குக் காலை ஒன்பதிலிருந்து மூன்று மணி வரை தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தேன் என்பார்கள். கடைக்காரர் கடைசியில், "மேடம், ஸ்டூல் போடட்டுமா?" என்று கேட்டார்.

உன் ஏப்ரல் 2 கடிதத்துக்குப் பதில். முதல் நாலு நாள் உன்மேல் வந்த கோபத்தை எழுதினால் தபால்காரருக்குக் கை சுடும். ஐந்தாவது நாள் என் பழைய சீருடை ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். பதினொன்றாவது வருஷத்துச் சட்டை. போட்டுக் கண்ணாடி முன் நின்றேன். கழுத்தைச் சுற்றி விரல் விட்டு ஆட்டலாம் போல இருந்தது. அப்போதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. வரக் கூடாது என்று நான் பூட்டி வைத்திருந்தது.

நானும் கண்ணாடி பார்த்தவள்தான் அக்கா. எட்டாவது வருஷத்திலிருந்தே எனக்குத் தெரியும். தண்ணீர் குடிக்கும்போது ஏதோ ஒன்று ஏறி இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். டாக்டரிடம் போனால் வெட்டுவார்கள், வெட்டினால் குரல் போகும், குரல் போனால் எக்ஸ்சேஞ்ச் போகும் என்று பயம். ஒவ்வொரு வருஷமும் உன் சட்டை வரும். போட்டுப் பார்ப்பேன். இறுக்காது. 'பார், அக்கா அளந்தாளே, ஏதாவது இருந்தால் சொல்லியிருக்க மாட்டாளா' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஆபீஸ் போவேன். 'கச்சிதம்' என்று நான் சொன்னது உன் தையலை மட்டும் இல்லை. நீ வாயைத் திறந்துவிடாதே என்பதற்கும் சேர்த்துத்தான்.

உன்னை முழுதாக மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பொய். பாதிக்குமேல் மன்னித்துவிட்டேன். உனக்கும் பாதிதானே எடுத்தார்கள், மீதிப் பாதி வேலை செய்கிறதல்லவா? அது போதும் இப்போதைக்கு.

ஒன்று சொல்ல வேண்டும். எட்டாவது தடவை அந்த நர்ஸ், "அம்மா, நீங்க பேசறது நல்லாவே கேக்குது, மெதுவா சொல்லுங்க" என்றாள். இருபத்தாறு வருஷத்தில் என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. யாரிடமும் நான் கேட்கவும் இல்லை. அப்படியே வைத்துவிட மனமில்லை. அதனால்தான் பழைய முறைப்படி துண்டித்தேன். நான்தான் போன் செய்தேன் என்று இதை வைத்து முடிவு கட்டாதே.

அலமாரியில் இருந்த வழுவழு கழுத்துக்காரியை இந்த உறையில் வைத்திருக்கிறேன். உன் ஓட்டையை அடைத்துக்கொள். பால்காரருக்குப் பதில் சொல்லி உனக்கு வாய் வலிக்கும், அதுவும் தையல் போட்ட வாய்.

தங்கை


மே 9

என் குட்டிக்கு,

முதலில் நல்ல சேதிகள். நெட்டச்சி நில அளவைத் துறையில் அளவுச் சங்கிலி பிடிக்கப் போய், பக்கத்துத் துறைக்காரர் போட்ட எல்லையில் முக்கால் அடி தப்பு கண்டுபிடித்துவிட்டாள். பெரிய அதிகாரி, "யாருகிட்டம்மா அளக்கக் கத்துக்கிட்ட?" என்று கேட்டாராம். "பாட்டி கிட்ட" என்றாளாம். கேட்டபோது எனக்கு முதலில் பெருமை வந்தது, பின்னாலேயே கொஞ்சம் வலித்தது. அளந்ததை அப்படியே வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். யாரிடம் கற்றேன் என்றும் சொல்லிவிட்டேன். ஊமைக்கோட்டான் அடுத்த போட்டிக்குத் தயார் செய்கிறான், தலைப்பு மௌனத்தின் மேன்மையாம். பொடிசு நேற்று என் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "பாட்டி, தையல் எங்கே?" என்று கேட்டது. கரைந்துவிட்டது என்றேன். நம்பவில்லை. தினமும் பார்க்கிறது.

எல்லாரையும்விடப் பெரிய சேதி: நம் வீட்டுக் கடைக்குட்டி, நம் அம்மா பெற்றதில் சின்னவள், அறுபத்தோராவது வயதில் ஒரே நாளில் எட்டு அழைப்பு போட்டு, எட்டும் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீ மறுத்தாலும் நான் சொல்வேன், தகர டப்பாதான் பிழைத்துவிட்டதே.

பாதிக்குமேல் என்று எழுதியதை நான் பல தடவை படித்துவிட்டேன். போதும். மீதியை நீ அவசரப்படாமல் பார்த்துக்கொள். நான் இங்கேதான் இருக்கிறேன்.

நீ அனுப்பிய வழுவழு கழுத்துக்காரியை ஓட்டையில் வைத்துப் பார்த்தேன். கத்தரி பிடித்தவள் என் தங்கையல்லவா, ஓரம் பிசகாமல் பொருந்தியது. ஒரு நாள் முழுக்க எதிரே உட்கார்ந்து பார்த்தேன். ரொம்பக் கச்சிதம். அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை. மறுபடியும் எடுத்துவிட்டேன். போட்டோக்காரரிடமும் போய்ச் சொல்லிவிட்டேன், அவள் எங்கள் வீட்டுப் பெண் இல்லை என்று. அவர் பயந்துபோய், "வேற ஏதாவது தொடைக்கணுமா பாட்டி?" என்றார்.

அதனால் நீ இப்போது ஒன்று செய்ய வேண்டும். உங்கள் தெருவில் ஸ்டூடியோ இருக்கும். போய் உட்கார். சட்டையின் மேல் பட்டனைத் திறந்துவிடு. தலையைக் குனியாதே, பக்கவாட்டில் திரும்பாதே, கேமராவுக்கு நேராகக் கழுத்தை நீட்டிப் பார். எதையும் துடைக்கக் கூடாது என்று அவரிடம் உன் வாயாலேயே சொல். கேட்கவில்லை என்றால் திரும்பவும் சொல், திரும்பவும் கேட்கவில்லை என்றால் இன்னொரு தடவை. ஓட்டையின் அளவு உயரம் மூன்றரை அங்குலம், அகலம் இரண்டே கால். அந்த அளவுக்குள் அடங்க வேண்டும் என்று நினைக்காதே. எவ்வளவு பெரிதாக வந்தாலும் உன்னை வெட்ட மாட்டேன், சட்டத்தைத்தான் மாற்றுவேன்.

மடங்காமல் இருக்க இரண்டு பக்கமும் அட்டை வைத்து, நாளைக்கே தபாலில் போடு.

அக்கா